மூன்று அறைக்கு ஆறு விரிப்பு

"முன்னூறு இழை, அக்கா" என்றான் தர்சிகன்,
பிளாஸ்ரிக் உறையைத் தட்டி.
கழற்றச் சொன்னேன்.
முகம் சுளித்துக்கொண்டு கழற்றினான்.

கிளிநொச்சிச் சந்தையின் மத்தியான வெயிலுக்கு நேரே
துணியைத் தூக்கிப் பிடித்தேன்.
அந்தப் பக்கம் நின்ற ஓட்டோவின் இலக்கத்தைப்
பிழையில்லாமல் வாசிக்க முடிந்தது.
அடுத்ததை எடு.

அது பளபளத்தது. கசக்கினேன்,
விரலெல்லாம் மா.
கஞ்சி கழன்றால் வெறும் வலை.
மாங்குளத்தில் என் அறைகளுக்கு வருவது
லொறிச் சாரதிகள், குதிக்கால் வெடித்தவர்கள்.
பித்தவெடிப்பு இழுக்கிற இழுவைக்கு
இரண்டு கிழமை நிற்காது.

மூன்றாவது கையில் கனத்தது.
ஈர விரலை வைத்தேன், உடனே குடித்தது.
ஓரத்தில் ஓர் இழை உருவி
அவனுடைய லைற்றரை வாங்கினேன்.
கடதாசி எரிந்த மணம்.
ஊதினேன், சாம்பல் போயிற்று.
நல்ல பருத்தி.

"பொலியெஸ்டர் எண்டால் எப்பிடி மணக்கும்?"
பதினேழு வயதிருக்கும்.
தறப்பாள்கள் எரிந்த அந்த இரவு
அவன் பிறக்கவில்லை.

"உருகும்" என்றேன். "தோலில் பிடிச்சால் விடாது.
ஆறு கட்டு.
விளிம்புத் தையலைப் பார்த்துக் கட்டு,
விலையையும் குறை."