மலை வராத கலியாணம்

கமராவை ஒருநாளும் பெட்டியில் போடாதே,
தோளில் கொண்டு வா, என்றாள் பிறேமினி.
உடுப்புத் தொலைந்தால் வோல்மார்ட் இருக்கு.
தொலைபேசியில் அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதை
கரண்ட் பில் வந்த உறையின் பின்புறம் எழுதிக்கொண்டேன்:
வியாழனே வந்துவிடு.
சனிக்கிழமைக் கலியாணத்துக்கு
வெள்ளி வாறவன் விருந்தாளி.

பதினொரு வருஷம் ஸ்காபரோ ஹோல்களில்
மணவறைக்கு எதிரே ஏணி போட்டு நின்றவன் நான்.
எந்த ஹோலில் எந்த விளக்கு மஞ்சளடிக்கும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
மலையடியில் ஒரு கலியாணம் கிடைத்தபோது
அவளைத்தான் கேட்டேன்.
கல்கரியில் அவளுக்கும் இதே தொழில், என் வயதுதான்.
இதே வேலைக்கு அவளும் விலை சொல்லியிருந்தாள்,
என்னைவிட ஆயிரம் டொலர் கூட.
பறிகொடுத்தவள் சொல்லித் தருவாளா?
இரண்டாவது கமராவாக நானே வாறன்,
சம்பளம் பேசுவம், என்றாள்.

வியாழன் பின்னேரம் கன்மோர்.
மூன்று சகோதரிகள் என்று பேர் வைத்த சிகரங்கள்
கழுவிக் கவிழ்த்த சட்டிகள்போல் துலக்கமாய் நின்றன.
நான் முப்பது படம் எடுத்தேன்.
அவள் மலையைப் பார்க்கவேயில்லை.
ஆற்றங்கரையில் குனிந்து மணலை அழுத்திப் பார்த்து,
ஹீல்ஸ் புதையும், பலகை வேணும், என்றாள்.
அனுமதிக் கடிதத்தில் இரண்டு பிரதி.
ஐயர் எந்தப் பிளேன் என்று கேட்டியா?

சனி விடிய,
பிரிட்டிஷ் கொலம்பியாவில் எங்கோ எரிந்த காடு
காற்றிலேறி வந்து பள்ளத்தாக்கில் குந்திவிட்டது.
சகோதரிகளில் ஒருத்தியும் இல்லை.
சூரியன், புழக்கத்தில் இல்லாத ஒரு சதக் குற்றி.
நெருப்பு மூட்டத் தடை என்று அறிவித்திருந்தார்கள்.
பக்கத்து மாகாணம் எரிகையில்
ஓமகுண்டத்துக்குச் சுள்ளி வைக்கக் கூடாது.
ஐயர் அதற்குள் ஒரு பற்றறி விளக்கை வைத்தார்,
மந்திரத்தை நடுவில் விட்டு இருமினார்.

பெண்ணின் தகப்பன் என்னிடம் வந்து
மலை எங்கே தம்பி, என்றார்,
நான்தான் எங்கேயோ ஒளித்துவைத்ததுபோல.

லென்ஸை மாற்றினேன். மாற்றியதைத் திரும்பவும் மாற்றினேன்.
பிறேமினியைத் தேடினால்
மலை இருந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
மூன்றாம் வரிசைக்கு முன்னால் முழந்தாளில் நிற்கிறாள்.
அங்கே ஒரு பொடியன்
போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.
விசா கிடைக்காத அக்கா
பருத்தித்துறையிலிருந்து அதற்குள்ளால் பார்த்தாள்,
அங்கே நடுச்சாமம்,
பட்டுச் சேலை, தலை நிறையப் பூ.
கெட்டிமேளம் தொடங்குகையில் பொடியனுக்குக் கை உளைந்தது.
வலக்கையை இடக்கையால் தாங்கினான், இறக்கவில்லை.
அவள் எடுத்தது அந்த முழங்கையை.
என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்:
இங்காலை வா.

போனேன்.
தாலியை நான் எடுத்ததும் அங்கிருந்துதான்,
அந்தச் சின்னத் திரையின் ஓரத்தால்.

இரவு, கார்ட்டுகளைப் பிரித்தோம்.
ஒரு செட் அவளுடைய கார்ப் பெட்டிக்குள்,
ஒரு செட் என் சப்பாத்துக்குள்.
ஒரே வழியால் இரண்டும் போகப்படாது.
சம்பளத்தை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

மூன்று கிழமை கழித்துத் தகப்பன் அழைத்தார்:
வியாழன் எடுத்த மலையைப் பின்னுக்கு ஒட்டலாமோ?
பிறேமினியைக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
ஒட்டிக் குடு,
அந்தாள் காசு கட்டினது மலைக்கு.
முழங்கையில மட்டும் கை வைக்காதே.

பேஸ்மென்டில் இருந்து ஒரு மணிக்கு ஒட்டி முடித்தேன்.
நல்ல மலை. மடிப்பு மடிப்பாய்ப் பாறை தெரிகிறது.
அதற்கு இடப்பக்கம் வெயில்,
அதன் முன்னால் நிற்கிற எண்பது பேருக்கும் நிழலே இல்லை,
எல்லாருக்கும் கண் சிவந்திருக்கிறது.
பார்க்கிறவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள்.
அந்தச் சிவப்பை என்ன செய்வதென்று
தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.