நாற்பது நிமிடம்

ஏறுவதற்கு நாற்பது நிமிடம் ஆகும்.
பெங்களூரில் ஒரு வருடம் வேலை பார்த்தவன் என்பதால்
ஜெரால்டு சொன்னதை நம்பினோம்.
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
சுண்டல்காரர் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தார்.
குதிரைக்காரப் பையன் அலை ஓரமாக நின்று
காலைக் கழுவிக்கொண்டிருந்தான்,
குதிரையின் காலை.

நாலு மாத்திரை. வெள்ளை. நடுவில் ஒரு கோடு.
புதுச்சேரியில் ஒரு ஆளிடம் வாங்கியதாகச் சொல்லியிருந்தேன்.
முள்ளோடையில் பேருந்தை நிறுத்தி
போலீஸ்காரர் என் பையில் பாட்டில் தேடியதையும்
நாப்கின் பாக்கெட்டில் விரல் பட்டதும்
சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டதையும்
நடித்தே காட்டினேன்.
அது மட்டும் உண்மை.

அஃப்ரினுக்கு நிறங்கள் கேட்க வேண்டும்.
மஞ்சளுக்கு ஓர் ஒலி உண்டென்று எங்கோ படித்திருக்கிறாள்.
நிலவனுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம்.
நெஞ்சுக்குள் ஒரு மோட்டார் ஓடுகிறதாம்,
சிப்காட்டில் ஷிஃப்டு முடிந்து
வீட்டுக்கு வந்து படுத்த பிறகும்.
ஒரு ராத்திரி அது நின்றால் போதும்.
ஜெரால்டு, ஏற்கெனவே போய்வந்த ஊருக்கு
எங்களைக் கூட்டிப்போகிறவன் மாதிரி
செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான்.
எனக்கு என்ன வேண்டும் என்று
யாரும் கேட்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில்
காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறேன்.
சீட்டில்லாமல் வருகிற முகங்களை எனக்குத் தெரியும்.
முதலில் இருமிக்கொண்டே
இருமல் மருந்து கேட்பார்கள்.
பிறகு இருமாமலே கேட்பார்கள்.
அந்த நாலும் எங்கள் கடை மூன்றாவது தட்டில் இருக்கும்
கால்சியம்.
ஆளுக்கு ஆயிரமாக மூன்று பேர் கொடுத்த பணம்
அப்போது என் ஜீன்ஸ் பாக்கெட்டில்தான், மடித்தபடி.
பத்திரப்படுத்தினேன் என்று சொல்லலாம்.
வேறு மாதிரியும் சொல்லலாம்.

இருபதாவது நிமிடத்தில் ஜெரால்டு
"வருது" என்றான்.
"காது ஓரமா குளிருது பாரு."
சாயங்காலத்திலிருந்தே அடித்துக்கொண்டிருந்த காற்று அது.
நான் சொல்லவில்லை.
முப்பதில் அஃப்ரின்
துறைமுகப் பக்கம் எரிந்த விளக்கைப் பார்த்து
அடித்தொண்டையில் ம்ம்ம்ம் என்றாள்.
மஞ்சள் அப்படித்தான் இருக்கிறதாம்,
பசியோடு இருக்கிற ஆள் முனகுவதுபோல.
அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

நிலவன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கடலைப் பார்த்தபடி
"நின்னுடுச்சு" என்றான்.
நின்ற இடத்திலிருந்து அந்தப் பேச்சு வந்தது:
போன ஆடியில் வால்வை மூடாமல் விட்டது அவன்தான்.
வேலை போனது வேறொருவனுக்கு.
அந்த ஆளுக்கு இரட்டைக் குழந்தைகள்.
பெயர்கள்கூடச் சொன்னான்.

நானும் விழுங்கினேன், நாக்கில் சுண்ணாம்பு.
காற்று காற்றாகவே இருந்தது,
விளக்கு விளக்காக.
மூன்று பேரும் தோள்மேல் கைபோட்டு
தண்ணீரில் இறங்கிப் போனார்கள்.
எல்லோருக்கும் ஏறியிருக்கிறது,
என்னவென்று தெரிந்த ஒருத்தியைத் தவிர.
அவ்வளவு பொறாமையாக நான் எப்போதும்
செருப்புகளுக்குக் காவல் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, கடை சாத்துகிற நேரம்
நிலவன் வந்தான்.
ஆயாசிட்டும் வியர்வையும் கலந்த சட்டை.
"அந்த ஆள் இன்னும் இருக்கானா?
நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லணும்.
அது இல்லாம வாய் வராது."
இல்லை என்றால் அவனே புதுச்சேரிக்குப் பஸ் ஏறுவான்.
அங்கே நிஜமான ஆட்கள் இருப்பார்கள்.
உண்டு என்றால்
உண்டு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்து
கண்ணாடி மேல் வைத்தேன்.
பக்கத்தில், மடிப்புக் கலையாமல், அவனுடைய ஆயிரம்.
பெயரை வாசித்தான்.
எழுத்துக்கூட்டுகிறவன் மாதிரி மறுபடி வாசித்தான்.
என்னை நிமிர்ந்து பார்த்தான்,
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது,
திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

தண்ணி இருக்கா
என்றான்.