எண்ணூறை ஒன்பதால்

லோரோங் கூலிட் சந்தையில்
துருப்பிடித்த மின்விசிறிக்கும்
ஒற்றைச் சப்பாத்துக்கும் நடுவே கிடந்ததாம்.
நாற்பது வெள்ளி என்றவனிடம்
பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்து
சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்,
ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக்
கொண்டுவருகிறவர் போல.
"இதேதான் வேணி. இதே மாடல்.
அப்பா கொம்தாரில் வாங்கித் தந்தாரே."

மூன்று மாதமாக
தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

பழுப்பேறிய மூடியை வெளுக்க
முடிக்குப் பூசும் பெராக்சைடு வேண்டுமென்றார்.
பார்லர்க்காரி அன்னபாக்கியம்
"யாருக்குக்கா? எந்த நிறத்துக்கு?" என்றாள்.
கம்ப்யூட்டருக்கு என்றேன்.
அவள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்டிக் பையில் சுற்றிப்
பதினாலாம் மாடி நடைபாதையில் வெயிலுக்கு வைப்பதும்
கொடிமலைப் பக்கம் கறுத்ததும்
கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் எடுப்பதுமாக
ஆறு ஞாயிறு கழிந்தன.
பக்கத்து வீட்டு மேடம் கூ
அதைக் கருவாடு என்று நினைத்திருந்தாள்.

ராத்திரியானால் கதை.
கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறும்வரை
கால்மணி நேரம் இருமாமல் காத்திருந்தது.
அக்காளின் பாட்டுக் கேசட்டை அழித்துவிட
அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தது.
பச்சை எழுத்தில் தன் பெயர்
திரை முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது.
"எண்பத்து நாலு, வேணி. நான் ஆறாம் படிவம்.
அது மாதிரி ஒரு வருஷம் வருமா?"

எண்பத்து நாலில் நான்
பாயான் லெப்பாஸில், இரவு ஷிப்டில்,
நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டவைத்து
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை
மணிக்கு இத்தனை சில்லு என்று பொருத்திக்கொண்டிருந்தேன்.
விடியற்காலை கிலாங் பஸ்ஸை விட்டு இறங்கினால்
விளக்குக் கம்பம் இரண்டாய்த் தெரியும்.
எது நிஜமென்று தொட்டுப் பார்த்த பிறகே
சாலையைக் கடப்பேன்.
இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்,
கல்யாணமான புதிதில், ஒரு தடவை.

போன வாரம்
ஊதிப்போன கெப்பாசிட்டரைக் கழற்றப் போய்
அவர் கை நடுங்கியது. சர்க்கரை.
"தள்ளுங்க," என்றேன்.
கண் மங்கிய பிறகு என்னை
போர்டு லைனுக்குத்தான் மாற்றியிருந்தார்கள்.
ஈயப்புகை மூக்கில் ஏறியதும்
விரல்கள் வேலையில் இறங்கிவிட்டன,
என்னைக் கேட்காமலே.

அழுக்கைத் துடைத்தபோது
ஒரு சில்லின் முதுகில் தேய்ந்த வெள்ளை எழுத்து:
மலேசியா.
அதன்கீழே நாலு எண். வருஷமும் வாரமும்.
எண்பத்து நாலு, முப்பத்தொன்று.
ரொக்கியா பேய் பிடித்து அலறி
போமோ வந்து தண்ணீர் தெளித்து
லைன் அரை நாள் நின்றுபோன வாரம் அது.
எங்கள் கிலாங்கோ, அடுத்ததோ, யார் கண்டது?
செய்தவள் பெயரையா அச்சடிப்பார்கள்?
ஆனாலும் கொஞ்ச நேரம்
அதன் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபத்து நாலு. ஒன்றும் வளையவில்லை.

நேற்று ராத்திரி திரை எரிந்தது.
சின்னப் பச்சைக் கட்டம் ஒன்று
விட்டுவிட்டு மின்னியது.
அவர் விசைகளின்மேல் இரு கையையும் தூக்கிப் பிடித்தபடி
வெகுநேரம் இருந்தார்.
என்ன கேட்பது என்பதை மட்டும்
இத்தனை நாளில் யோசித்திருக்கவில்லை.

"மாமா என்ன விலைக்கு வாங்கினார்?"
"எண்ணூறு வெள்ளி. வட்டிக்கு எடுத்து."
"எனக்கு அப்போது நாளைக்கு ஒன்பது,
ஷிப்ட் படியோடு. வகுத்துப் பாருங்க."

ஒற்றை விரலால் தட்டினார்.
88.8888889

"எண்பத்தொன்பது ராத்திரி," என்றேன்.

மின்விசிறி சுற்றியது.
அவர் எதுவும் சொல்லவில்லை.
பிறகு எழுந்து பேனாவைத் தேடி
காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டார்:
8889.
"புதன்கிழமைக்கு எழுதலாமா வேணி?"

"பெரிசு ஒன்று, சின்னது ஒன்று," என்றேன்.
"என் பெயரில்."