பிணை

வைத்தியரின் துண்டுக்குப் பதினான்கு நாள் ஆயுள்.
விதானையாரின் கடிதத்துக்கு ஒரு மாதம்.
பாஸ் வர இருபத்தொரு நாள் செல்லும் என்று
கந்தோர் வாசலில் நின்ற பிள்ளை சொன்னாள்,
பேனை மூடியைக் கடித்தபடி.

நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை.
மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூட்டிக் கழித்த மூளைதான்
வட்டக்கச்சி வரைக்கும் சைக்கிளோடு சேர்ந்து உருண்டது:
ஒரு கடதாசி பிறக்கிற நேரம்
மற்றது செத்துப்போயிருக்கும்.

படம் பிடிக்கிற கடையில்
மோட்டர் இயங்கும்வரை வாங்கில் இருந்தோம்,
ஆறு பேர், ஒரு சீப்பு.
"ரெண்டு காதும் தெரியவேணும் அக்கா."
காதைக் காட்டினேன்.
கழுத்துக் கட்டியைச் சேலைத் தலைப்பால் மூடினேன்,
நோய்க்காரி முகம் படத்தில் வேண்டாமென்று.
வெளியே வந்த பிறகுதான் உறைத்தது,
அந்தக் கட்டிக்காகத்தானே இத்தனை படமும்.

படிவத்தில் 'நோக்கம்' என்ற சொல்லுக்குப் பின்னால்
ஒரு விரல் நீளத்துக்குப் புள்ளிகள்.
வைத்தியம் என்று எழுதி
மிச்சத்தில் கோடு இழுத்தேன்,
வேறொருவரும் எதையும் சேர்த்துவிடாதபடி.
'திரும்பும் திகதி'யில் பேனை நின்றுவிட்டது.
அதைக் கழுத்திடம்தான் கேட்கவேணும்.

பிறகு, பிணை நிற்பவர்.
பெயர், முகவரி, கையொப்பம்.
நான் வராவிட்டால் அவரைக் கேட்பார்கள்.
என்ன கேட்பார்கள் என்று
படிவத்தில் இல்லை.

"கையெழுத்தெண்டால் யோசிக்கவேணும் மச்சாள்" என்ற அத்தான்
இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.
புஷ்பராணி ரீச்சர் இரண்டு பேருக்கு வைத்தவ,
ஒருத்தி மட்டும் வந்து சேர்ந்தாளாம்.
மற்றதைப் பற்றி ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை,
தேத்தண்ணி தந்தா, சீனி போட்டு.

மூன்றாம் நாள் மத்தியானம்
பக்கத்துக் காணி அருமைச்சந்திரன் படலையில் மணி அடித்தான்.
நாலு வருசமாய்க் கதை பேச்சு இல்லை.
கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டவன்.
அவனா நானா என்பது வேறு கதை.
சேட்டுப் பைக்குள் அடையாள அட்டையின் கொப்பி,
வியர்வையில் நனைந்து.

"என்ர பேரைப் போடு."
"ஏன்?"
"நீ அங்கயே நிண்டிட்டால்
வேலி வழக்கை நான் ஆரோடை கதைக்கிறது?"

சைக்கிள் சீற்றில் வைத்து ஒப்பமிட்டான்.
காபன் தாளை மாறி வைத்திருக்கிறேன்,
அவன் பெயர் அவன் தாளின் முதுகிலேயே
வலம் இடமாய் விழுந்தது.
திட்டிக்கொண்டு இன்னொருக்கால் எழுதினான்,
பலகையில் எழுதுவதுபோல் பெரிய எழுத்தில்.
பேனையைத் தரும்போது மெதுவாய்ச் சொன்னான்,
"ஒரு முழம் ஒரு முழம்தான். மறந்திடாதை."

பாஸ் வந்தது இருபத்துமூன்றாம் நாள்.
செத்துப்போன துண்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
வைத்தியர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
திகதியைப் பார்த்தார்.
ஒன்றை ஏழாக்கினார்,
பக்கத்தில் சின்னதாய் ஒரு ஒப்பம்.

ஓமந்தை.
இந்தப் பக்கத்தில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள்.
அந்தப் பக்கத்தில் கொட்டிப் பார்க்க
இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கவேணும்.
இடையில் வெட்டை, வெயில்,
கொடி கட்டிய ஒரு வெள்ளை வாகனம்.
கையிலிருந்த கடதாசி முடிந்துவிட்டது,
மற்றது இன்னும் தொடங்கவில்லை.
முன்னால் போன மனிசி செருப்பைக் கழற்றி
கல்லைத் தட்டிவிட்டு நடந்தாள்.
நானும் நடந்தேன்.

அங்கேயும் ஒரு படிவம்.
அங்கேயும் ஒரு புள்ளிக்கோடு:
உங்களுக்காகப் பொறுப்பேற்பவர்.
யோசிக்காமல் எழுதிவிட்டேன்,
அருமைச்சந்திரன், வட்டக்கச்சி.

"அந்தப் பக்கத்து ஆள் சரிவராது.
வெட்டுங்க."

வெட்டினேன்.
ஒரே ஒரு கோடு,
பெயர் வாசிக்கத் தெரியும்படி.