வாராக்கடன்

பாகம் பிரித்தபோது ஆளுக்கு ஆறு புட்டி.
சோலையப்பன் தன் ஆறையும் சிங்கப்பூரில்
முதல் வருடமே குடித்து முடித்தான்.
என் ஆறும் பள்ளத்தூரில் படுத்துக் கிடந்தன.
பிரிவதற்குக் காரணம் என்ன என்று கோர்ட் கேட்டது.
இதை எழுதாமல் வேறு ஏதோ எழுதிக் கொடுத்தோம்.

இரண்டாயிரத்து ஐந்து. பொர்தோ.
ஆற்றின் இடக்கரை, கூழாங்கல் மண்.
இருபது வருடம் தொடாதீர்கள் என்றான் விற்றவன்,
வட்டிக்கு விட்டவர்கள் வீட்டுப் பெண்ணிடம்.
அசலில் கைவைக்காதே என்று
எனக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து சொல்ல வேண்டுமா?

அவன் ஊரில் பூமிக்கடியில் பதின்மூன்று டிகிரி.
வெயில் அடித்ததும் பனி பெய்ததும்
அங்கே யாரும் சொல்லி அனுப்புவதில்லை.
எங்கள் ஊரில் பூமிக்கடியில்
பக்கத்து வீட்டுக்காரர் போட்ட போர்வெல்.
வீட்டிலேயே குளிர்ந்த இடம் பெட்டக அறைதான்:
ஜன்னல் கிடையாது, இரண்டடிச் சுவர், இரும்புக் கதவு.
மே மாதம் வெப்பமானி வைத்துப் பார்த்தேன்.
முப்பத்தொன்று.
வைரம் தாங்கும். திராட்சை தாங்காது.

ஆகவே ஒரு குளிர்பெட்டி, அதற்கு ஸ்டெபிலைசர்,
கரண்ட் போனால் இன்வெர்ட்டர்,
இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற
எலக்ட்ரீஷியன் இருளாண்டி.
சென்னையிலிருந்து ஞாயிறு தோறும் கேட்பேன்:
"எவ்வளவு காட்டுது?"
"பதினாலுக்கா."
பத்து வருடத்தில் நான் தவறாமல் பேசிய ஆண்
அவர் ஒருவர்தான்.

போன சித்திரையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
மூன்று நாள்.
நான் வந்து சேர்ந்தபோது
ஒரு தக்கை நகத்தளவு மேலே எழும்பியிருந்தது,
கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு.
மற்ற ஐந்தும் முகத்தில் எதுவும் காட்டவில்லை.

தணிக்கைக்காரி நான்.
கிடங்கைத் திறந்து எண்ணாமல்
எந்தக் கம்பெனி இருப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை.
இந்த இருப்பு அப்படியல்ல.
இருக்கிறதா என்று பார்த்தால்
இல்லாமல் போகும்.

கசிந்ததை முதலில் திறந்தோம்.
அடிப்பிடித்த பேரீச்சம்பழப் பாகு.
வாஷ்பேசினில் ஊற்றும்போது
அதன் விலையை மனதில் ரூபாயாக மாற்றாமல் இருக்க
மிகவும் முயன்றேன்.

அப்புறம் இரண்டாவது.
எவர்சில்வர் கூஜா ஒன்றுதான் வாகாகக் கிடைத்தது.
புட்டிக் கழுத்தின் கீழே
இருளாண்டி போன் டார்ச்சைப் பிடித்தார்.
"வண்டல் வருதுக்கா, நிறுத்துங்க."
நிறுத்தினேன்.

முதல் வாய் கடுக்காய்.
ஈறு முழுக்கத் துவர்ப்பு, உதடு பல்லோடு ஒட்டியது.
"இதுக்காக்கா இவ்வளவு கரண்ட்டு?"

பதில் இல்லாததால் மிக்சர் வாங்கி வரச் சொன்னேன்.
அவர் போன அந்த அரைமணியில்
கூஜாவுக்குள் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்.
சீவிய பென்சில். சுருட்டுப் பெட்டி.
டயர் ஏறிய நாவல்பழ ரோடு.
இரும்புச் சாவியை வெகுநேரம் பிடித்திருந்த கை.
துவர்ப்பு போகவில்லை,
உட்கார இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

திரும்பி வந்தவர் டம்ளரை மோந்தார்.
"மோட்டார் காயில் சுத்துற ரூம்புல,
மழை பெய்யுறப்ப..." என்றார்.
முடிக்கவில்லை.
மிக்சர் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது.

சோலைக்கு ஒரு வரி அனுப்பலாம் என்று
போனை எடுத்தேன். அதில் டார்ச் இன்னும் எரிந்தது;
அவருடையது என்று நினைத்தது என்னுடையது.
அணைத்து வைத்தேன்.
அவசரக்காரனிடம் அரைமணியை
எப்படி விளக்குவது?

இரவு கணக்கு எழுதினேன்.
இருப்பு: நான்கு புட்டி.
நிலை: தெரியவில்லை.
வகை: வாராக்கடன் என்று எழுதி, அடித்து,
சந்தேகக் கடன் என்று மாற்றினேன்.
செலவு: மிக்சர் நாற்பது.
இருளாண்டிக்கு இந்த மாதம் முதல்
நூறு ரூபாய் கூட.