உலாவி இல்லாத பன்னிரண்டு

ஓஸ்டெண்ட் நகராட்சிக் கிடங்கில்
பழைய லேப்டாப்புகளைத் துடைத்து
இயங்குதளம் ஏற்றித் தருவது என் வேலை.
யாரோ ஒரு குமாஸ்தாவின் கட்டைவிரல் பட்டு
இடைவெளிப் பட்டை பளபளத்துப் போனவை.

ஒவ்வொன்றிலும்
கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும்
அந்த நீல உலாவி.
வாடகைக்கு வீடு பார்க்கப் போனால்
கூடத்தில் வீட்டுக்காரர்
நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதுபோல.
ஜனங்கள் அதைத் திறப்பது ஒரே ஒரு தரம்,
வேறொன்றை இறக்கிக்கொள்ள.
அதுவும் வழிவிடும்,
நான்தான் இருக்கிறேனே என்ற முனகலோடு.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள்.
இவர்கள் உண்ணக்கூட இல்லை,
வாசற்படியை மிதித்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
எனக்குள் நியாயம் பொங்கிவிட்டது.
பன்னிரண்டு இயந்திரங்களிலும்
அதை வேரோடு பிடுங்கினேன்.
லேசில் போகவில்லை.
உதவிப் பக்கத்துக்குள் ஒளிந்திருந்தது,
வானிலைச் சதுரத்தின் அடியில்
ஒரு காலை நீட்டிக்கொண்டிருந்தது.
இரவு ஒன்பதரைக்குத் திரை வெறிச்சென்றானது.
யார் பக்கமும் சாயாத திரை.
வீட்டுக்குப் போய் இரண்டு பியர் குடித்தேன்.

திங்கள் காலை முதல் ஆளாய்
லாரி ஓட்டும் பாஷ்கிம் வந்தார்.
"இதில் இன்டர்நெட் இல்லை."
இருக்கிறது, வயர் வழியே வருகிறது,
பார்ப்பதற்குத்தான் ஒன்றுமில்லை.
"அதைத்தானே சொன்னேன்."
உங்களுக்குப் பிடித்ததை இறக்கிக்கொள்ளலாம் என்றேன்.
"எதை வைத்து?"

எதை வைத்து.
பெட்டியைப் பூட்டி
சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டிருக்கிறேன்.
அப்போதுதான் உறைத்தது.

மேசை இழுப்பறையில் ஒரு பென் டிரைவ்.
அதில் நரி.
பதினாறு வருஷமாய் நான் வைத்திருப்பது.
பாஷ்கிமுக்கு நரி.
அவருக்குப் பின்னால் நின்ற நர்ஸ் மார்லேனுக்கு நரி.
சாயங்காலத்துக்குள் பதினோரு பேருக்கு நரி.
ஏன் இது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
விளக்கை அணைக்கும்போது நினைத்தேன்:
கூடத்து நாற்காலி அப்படியேதான் இருக்கிறது,
சூடு மட்டும் என்னுடையது.

வெட்கத்தில் மறுநாள் ஒரு திரை செய்தேன்.
ஐந்து உலாவிகள்,
திறக்கும்தோறும் வரிசை கலைந்து வரும்.
எல்லோரையும் மறுபடி வரச்சொன்னேன்.
ஆறு பேர் வந்தார்கள்.
இடது ஓரம் எது நின்றதோ
அதைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்கள் ஐந்து பேர்.
மார்லேன் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு
ஐந்தையும் படித்தாள்.
உங்கள் அந்தரங்கமே எங்கள் உயிர் என்று
ஐந்திலும் எழுதியிருந்தது.
நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:
"நீ எதை வைத்திருக்கிறாய்?"

பன்னிரண்டாவது ஆள் கோதலீவ.
பேக்கரியில் இரவு வேலை,
ஓய்வு நாளில் முழங்காலளவு நீரில்
வலை தள்ளி இறால் பிடிப்பவள்.
வியாழக்கிழமை வந்தாள்,
சார்ஜர் வயர் குட்டை என்று சொல்ல.
நான்கு நாளாய் எப்படிச் சமாளித்தீர்கள்?
"எதை?"
உலாவி இல்லையே அதில்.
"ஓ, அதுவா. கடல் எத்தனை மணிக்கு உள்வாங்கும் என்று
பார்க்கத்தான் இந்தப் பெட்டியைக் கேட்டிருந்தேன்.
காட்டவில்லை.
டிராம் ஏறிப் போய்ப் பார்த்தேன்."
கிடைத்ததா?
"இல்லை. இரண்டு மணி நேரம் முன்னாடியே போய்விட்டேன்.
குளிரில் நின்றேன்."

மன்னிப்புக் கேட்டேன்.
ஐந்து படங்களையும் அவள் பக்கம் திருப்பினேன்.
அவள் திரையைப் பார்க்கவில்லை,
நீளமான வயர் இருக்கிறதா என்று
அலமாரியைப் பார்த்தாள்.
"போடு, எதையாவது."

எதையாவது.
விரல் ஐந்துக்கும் மேலே நிற்கிறது.
நரியின் பக்கம் அது சாய்வது
எனக்கே தெரிகிறது.
அவள் பூட்ஸிலிருந்து கடல்
சிமெண்ட் தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.