ஜுரான்சோன்

வேளச்சேரி மால், எலைட் கடை.
பிரெஞ்சு வெள்ளை ஒயின் மூன்றே மூன்று.
இரண்டு ஏற்கெனவே குடித்தவை.
மூன்றாவதன் லேபிளை
எழுத்துக்கூட்டிப் பார்த்த கடைக்காரர்
"ஜுரம்னு ஏதோ போட்டிருக்கு மேடம்" என்றார்.

அதையே எடுத்தேன்.

ஆளுக்கொரு தெரியாத புட்டி,
தினத்தாளில் சுற்றியபடி: ஹெப்சிபாவின் விதி.
எனக்குக் கிடைத்தது
'மணமகள் தேவை' பக்கம்.

மத்திய கைலாஷ் சிக்னலில்
ஆட்டோ நகரவே இல்லை.
மே மாதம்.
மடியில் கிடந்ததன் நெற்றியில்
புறங்கை வைத்துப் பார்த்தேன்.
அனல்.

ஐஸ் வாளி வரும்வரை
பொறுக்கவில்லை யாரும்.
முதல் வாய்க்கு இளம்பரிதி முகம் சுளித்தான்.
ஹெப்சிபா கண்மூடி
"கிளிமூக்கு மாங்கா... இல்ல,
அதோட காம்புப் பால்" என்றாள்.

தாளைப் பிரித்தார்கள்.
பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை.
"ஜுரம்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஜுரம் ஊத்து"
என்று கோப்பையை நீட்டுகிறான்
முகம் சுளித்தவன்.